குரும்பூர் வரைக்கும் நின்னுக்கிட்டே

இல்ல அண்ணாச்சி, நீங்க நல்லாத் தள்ளி உக்காருங்க. சீட்டு காலியா இருக்குன்னு எனக்குத் தெரியுது. நான் நிக்கேன். கண்டக்டரும் ரெண்டு தடவ சொல்லிட்டாரு, உக்காருங்க சாமி, உக்காருங்க சாமின்னு. பச்ச வேட்டி கட்டி, கழுத்துல மாலையோட ஒருத்தன் நிக்கானேன்னு அவருக்கு ஒரு இது. உக்கார முடிஞ்சா உக்கார மாட்டேனா? முடியல. அவ்வளவுதான்.

எங்க வலின்னு கேக்காதீங்க. கேக்காட்டியும் சொல்லுதேன், யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். கவட்டையில. ரெண்டு தொடையும் உள்பக்கம் தோலு உரிஞ்சு கெடக்கு. அதுக்குப் பின்னால, உக்காருத எடத்துல, ரெண்டு பக்கமும் கொப்புளம். ஒண்ணு ஒடஞ்சிட்டு. இன்னொண்ணு ஒடையவா வேண்டாமான்னு நிக்கி. பஸ்ஸு ஒவ்வொரு பள்ளத்துல விழும்போதும் எனக்கு உசுரு போயிட்டுப் போயிட்டு வருது. நீங்க குரும்பூரா? அப்போ நல்லதாப் போச்சு. நானும் குரும்பூருக்குத்தான். இல்ல, டிக்கெட்டு திருச்செந்தூருக்கு எடுத்திருக்கேன். ஆனா குரும்பூர்தான். சொல்லுதேன், கேளுங்க.

புளியங்குடியில இருந்து சைக்கிள்ல வாரேன். வைகாசி விசாகத்துக்கு, திருச்செந்தூர் கோயிலுக்கு. எங்க ஊர்ல வருஷா வருஷம் ஒரு கூட்டம் நடந்து போகும், ஒரு கூட்டம் சைக்கிள்ல போகும். நான் ரெண்டுலயும் போனதில்ல, இதான் மொத தடவ. மாவு மில்லு வச்சிருக்கேன் அண்ணாச்சி. சண்முகையா மில்லுன்னா எலுமிச்சங்கா மார்க்கெட்டுல யாரும் கை காட்டுவாங்க. மில்ல விட்டுட்டு நான் எங்க போக? காதும் அதனாலதான் இப்படி. நீங்க எதுவும் சொன்னா கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

இந்த வருஷம் எதுக்கு வந்தேன்னா, நேர்ச்ச. வீட்டுக்காரி திரும்பி வரணும்னு நேர்ச்ச. இந்திராணின்னு பேரு. கார்த்திகையில போனவ. அண்ணன் வீட்டுல இருக்கா, உங்க குரும்பூர்லதான். நான் அடிச்சேனா? கெடையாது. குடிப்பேனா? வாசனையே ஆகாது. மில்லு உண்டு, நான் உண்டு. பின்ன எதுக்குப் போனான்னு கேக்கீங்களா? குதிகால் வலியாம். கேட்டா சிரிப்பீங்க. குதிகால் வலின்னு ஒரு பொம்பள புருஷன விட்டுட்டுப் போனத எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

மில்லுன்னா நிக்கணும். நிக்காம மாவு அரைக்க முடியுமா? நான் மோட்டார் பக்கம் நிப்பேன், அவ மாவு விழுத தட்டுப் பக்கம் நிப்பா. காலையில எந்திரிச்சா குதிகாலத் தரையில ஊன முடியல, ஒரு ஆளு வைங்க, இல்ல ஒரு ஸ்டூலாவது போடுங்கன்னு ஒரே நச்சரிப்பு. ஸ்டூலப் போட்டு உக்காந்தா வாரவன் என்ன நெனைப்பான்? மொதலாளியம்மா கால நீட்டி உக்காந்துட்டா, இங்க அரைக்க ஆளில்லன்னு மேலத் தெரு மில்லுக்குப் போயிருவான். நானுந்தான நிக்கேன். எனக்கு வலிச்சுதா? வலி வலின்னு நெனைச்சாத்தான் வலி, நெனைக்காட்டி ஒண்ணும் கெடையாது. இதத்தான் அவகிட்ட சொன்னேன். தெனமும் சொன்னேன். ஒரு மனுசிக்குத் தைரியம் சொல்லுதது தப்பா அண்ணாச்சி?

ஒரு நாளு மொளகாப்பொடி அரைச்சுக்கிட்டு இருக்கோம். திடீர்னு போயி மோட்டார நிறுத்துனா. கையக் கழுவுனா. மொகத்தக் கழுவுனா. பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்துட்டா. மேலத் தொட்டியில பாதி மொளகா அப்படியே கெடக்கு. அது யாரு வீட்டு மொளகான்னுகூடச் சொல்லிட்டுப் போகல. நாலு பேரு வந்து என் மொளகா என் மொளகான்னு என்னையப் பிடிச்சுக்கிட்டாங்க.

அதுல இருந்து ஒரு போனு கெடையாது. நானும் பண்ணல. எதுக்குப் பண்ணணும்? ஆனா வீட்டுல இருக்க முடியல அண்ணாச்சி. சொன்னா வெக்கம். சோறு பொங்குதேன், அரிசி வேகுது, ஆனா சோறா இல்ல. ராத்திரி மில்லப் பூட்டிட்டுத் திரும்பிப் பாத்தா பக்கத்துல ஆளில்ல. நாக்கு செத்துப்போச்சு, மனசும் செத்துப்போச்சு. அப்பத்தான் முருகனுக்கு நேந்தேன். அவ வரணும், அதுக்கு நான் சைக்கிள மிதிச்சே உன் வாசலுக்கு வாரேன்னு. நேந்த செய்திய அவ அண்ணன்கிட்ட யாரோ சொல்லிட்டாங்க.

அந்த ஆளு ஆதிலிங்கம், பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரு. சைக்கிளுன்னா அவருக்குப் பைத்தியம். லீவு விட்டா கன்னியாகுமரி, ராமேஸ்வரம்னு மிதிச்சுக்கிட்டுப் போயிருவாரு. அவரு போன் பண்ணி, மாப்ள, நீங்க வாரது ரொம்ப சந்தோஷம், ஆனா பழக்கமில்லாத ஒடம்பு, நான் சொல்லுதபடி செய்யுங்கன்னு ஆரம்பிச்சாரு. சீட்ட ஒசத்தி வைக்கணுமாம், கால் கீழ போகையில முட்டி லேசா மடங்குனாப் போதுமாம். ஸ்பாஞ்ச் கவர் போடக் கூடாதாம். அப்பப்ப மிதியில எந்திரிச்சு நிக்கணுமாம். ஒரு பார்சலும் அனுப்பியிருந்தாரு. பிரிச்சுப் பாத்தா கறுப்பா ஒரு கால்சட்டை. தொடையோட ஒட்டிக்கிடும் போல இருக்கு. கவட்டையில, சின்னப் புள்ளைகளுக்குக் கட்டுதாங்களே, அது மாதிரி ஒரு மெத்தைய வச்சுத் தச்சிருக்கு. அத உள்ள ஒண்ணும் போடாம, வெறும் ஒடம்புல போடணுமாம். என்ன பேச்சு இது? விரதம் இருக்கவன், மாலை போட்டவன், உள்ள ஒண்ணும் இல்லாம திருச்செந்தூர் போறதா?

அதோட விட்டாரா. இருங்க மாப்ள, தங்கச்சி பேசணுங்கான்னு போனக் குடுத்துட்டாரு.

போனக் காதோட அமுக்கிக்கிட்டேன் அண்ணாச்சி. அரை வருஷம் கழிச்சு அவ கொரலு. என்ன சொல்லப் போறாளோன்னு நிக்கேன். அவ சொல்லுதா, அண்ணன் அனுப்புனதப் போட்டுக்கோங்க, தொடையிடுக்குல தேங்காண்ணெய நல்லாத் தடவிக்கோங்க, ஒவ்வொரு எடத்துல நிக்கையிலயும் கழுவித் தொடச்சுட்டுத் திரும்பத் தடவுங்க, ஈரத்துணியோட ஏறிராதீங்க, வலிச்சா எறங்கி நடங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இத்தன மாசம் கழிச்சுப் பேசுத பொண்டாட்டி பேசுத பேச்சா இது? எப்படி இருக்கீங்க, மெலிஞ்சிட்டீங்களா, சாப்டீங்களா, ஒரு வார்த்த உண்டா? என் பின்பக்கத்தப் பத்தித்தான் அவளுக்குக் கவல. எனக்குச் சுருக்குன்னுட்டு. நான் என்ன பச்சப்புள்ளையா? ம்ம் ம்ம்னு கேட்டுக்கிட்டேன்.

ஆனா கடைசியா ஒண்ணு சொன்னா. குரும்பூர் ரோட்டுல எங்கண்ணன் தண்ணிப்பந்தல் போடுதான், நான் அங்க இருப்பேன், நீங்க வாங்க, அங்கயிருந்து கோயிலுக்குச் சேந்து போவோம், சாமியக் கும்பிட்டுட்டு ஊருக்கு வாரதப் பத்திப் பேசிக்கிடுவோம்னா. அதான் அண்ணாச்சி. அதுக்குத்தான் இந்தப் பாடு. அவ அங்க இருக்கா. இப்போ, இந்த நிமிசம், அந்தப் பந்தல்ல இருக்கா.

எண்ணெய் தடவுனேனான்னு நீங்களும் கேக்கீங்களா? விரதத்துல எண்ணெய் தொடலாமா? தலைக்கு வைக்கக் கூடாது, ஒடம்புக்குத் தேய்க்கக் கூடாது. எங்க கூட்டத்துக்கு கோமதிநாயகம்னு ஒருத்தர்தான் குருசாமி, அவரே சொன்னாரு, புண்ணுக்கு மருந்து மாதிரி போட்டா குத்தமில்ல சண்முகையா, நாங்க எல்லாரும் தடவியிருக்கோம்னு. நான் முடியாதுன்னுட்டேன். நேர்ச்சைன்னா நேர்ச்ச. அவ வரணும்னு நேந்துட்டு அதுல போயி ஓட்டை போடுவேனா? பவுடர் போட்டுக்கிட்டேன். பவுடர் விரதத்துக்கு ஒண்ணும் செய்யாதுலா? நல்லா அள்ளி அள்ளிப் போட்டேன். சங்கரன்கோவில் தாண்டலை, வேர்வையும் பவுடரும் சேந்து பரோட்டாவுக்குப் பெசஞ்ச மாதிரி ஆயிட்டு. மாவுல கெடந்தவன் நான், எனக்கே தோணல பாத்துக்கோங்க.

கால்சட்டையப் போட்டேன். போடலைன்னு சொல்லக் கூடாது, மச்சான் அனுப்புனது. ஜட்டிய முறையாப் போட்டு, அதுக்கு மேல அதப் போட்டு, அதுக்கு மேல பச்ச வேட்டியத் தார்ப்பாய்ச்சிக் கட்டுனேன். மூணு துணி. பாதுகாப்புதான? ஜட்டி ஓரத்துல ஒரு தையல் இருக்கு பாருங்க, அது மெத்தைக்கும் தோலுக்கும் நடுவுல சிக்கிக்கிட்டு, மிதிக்க மிதிக்க அரம் மாதிரி அறுத்துட்டு. சீட்ட நான் ஒசத்தல. கால் ரெண்டும் தரையில ஊனலன்னா எனக்குச் சரிப்படாது. ஸ்பாஞ்ச் கவரு ரெண்டு வாங்கி ஒண்ணு மேல ஒண்ணு போட்டேன். வேணும்னே போட்டேன். மொதல்ல சிம்மாசனம் மாதிரி இருந்துச்சு. பொறவு அது உள்ள அமுங்கி அமுங்கி, நடுவுல முட்டிக்கிட்டு வந்து, எல்லா எடத்துலயும் போட்டு ஒரசுது.

தேவர்குளத்துல தங்குனோம். எல்லாரும் கால நீட்டி உக்காந்து சாப்பிடுதாங்க, நான் குப்புறப் படுத்துக்கிட்டு இட்லியப் பிச்சுத் திங்கேன். காலையில எந்திரிச்சா துணி தோலோட ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்கு. இழுத்தேன். அண்ணாச்சி, அந்த வலிய எப்படிச் சொல்ல? எனக்கு அம்மை போட்டிருக்கு, கையி பெல்ட்டுல மாட்டியிருக்கு, நகம் பேந்திருக்கு. அதெல்லாம் ஒண்ணுமே கெடையாது. வலின்னா இதான் வலி. எவனாவது இத நெனப்புத்தான்னு சொன்னான்னா அவனச் சைக்கிள்ல ஏத்தி மிதிக்க விடணும்.

கோமதிநாயகம் அண்ணாச்சி பாத்துட்டு, வண்டியில ஏறுன்னாரு. எங்களோட சாமான் ஏத்துன வண்டி ஒண்ணு வருது. மாட்டேன்னேன். எண்ணெயாவது போடுன்னாரு. மாட்டேன்னேன். திருநெல்வேலி வந்து ஆத்துல குளிச்சோம். தண்ணி பட்டதும் நான் போட்ட சத்தத்துல தொவைச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்க திரும்பிப் பாத்தாங்க. மத்தவங்கல்லாம் காஞ்ச துணிக்கு மாறுனாங்க. நான் ஈரத்தோட ஏறுனேன். குளிச்ச ஈரத்தோட போனாத்தான் சுத்தம், எங்கய்யா எந்தக் கோயிலுக்கும் அப்படித்தான் போவாரு. ஒருவேள இந்த வலிய முருகனே குடுக்கானோ, இதத் தாங்குனாத்தான் அவள அனுப்புவானோன்னு ஒரு எண்ணம். இல்லன்னா எதுக்கு எனக்கு மட்டும் இப்படி?

பாளையங்கோட்ட தாண்டுனதும் ஈரத்துணி சுருட்டிக்கிட்டு அறுக்க ஆரம்பிச்சிட்டு. பல்லக் கடிச்சேன். முருகா முருகான்னு சொல்லி மிதிச்சேன், பொறவு அம்மா அம்மான்னு சொல்லி மிதிச்சேன். செய்துங்கநல்லூர் வரையில எப்படி வந்தேன்னு எனக்கே தெரியாது. அங்க எறங்குனவன் திரும்ப ஏறப் போறேன், கால் தூக்க வரல. வேட்டியில பாத்தா ரத்தம். அங்கனயே ரோட்டோரம் நின்னு அழுதேன் அண்ணாச்சி. இத்தன பெரிய ஆளு, மீசைய வச்சுக்கிட்டு. வயசுப் பையன்கள்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு என்னையத் தாண்டிப் போறாங்க.

கூட்டத்துல என்ன சொல்ல? வீட்டுல இருந்து போன் வந்திருக்கு, பேசிட்டுப் பின்னால வாரேன், நீங்க போங்கன்னுட்டேன். அவங்க மறைஞ்சதும் சைக்கிள ஒரு பஞ்சர் கடையில சாத்திட்டு, அங்கனயே ரெண்டு மணி நேரம் குப்புறக் கெடந்துட்டு இந்த பஸ்ஸுல ஏறிட்டேன். ஏறலாமா? நேர்ச்ச போச்சா? நீங்க பெரியவரு, சொல்லுங்க. கொஞ்ச தூரந்தான பஸ்ஸு, மிச்சமெல்லாம் மிதிச்சிருக்கேம்லா? முருகன் கழிச்சுக்கிட மாட்டானா?

ஒரு யோசன வச்சிருக்கேன். குரும்பூருக்கு முன்னாலயே தென்திருப்பேரையில எறங்கிருவேன். அங்க யார்கிட்டயாவது ஒரு சைக்கிள வாங்கி, மிதியில நின்னுக்கிட்டே மிதிச்சு, பந்தலுக்கு முன்னால மட்டும் ஒரு தடவ உக்காந்து காட்டிருவேன். அந்த ஒரு தடவ தாங்கிருவேன். அவ பாக்கணும். சொன்னபடி வந்துட்டாருன்னு அவ பாக்கணும். பஸ்ஸுல இருந்து தோலு உரிஞ்சு எறங்குனேன்னு வைங்க, அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க. அந்தப் பார்வைய என்னால தாங்க முடியாது. எண்ணெய் போடச் சொன்னேனேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாள்னா நான் முடிஞ்சேன். தென்திருப்பேரையில உங்களுக்குத் தெரிஞ்சவங்க உண்டா?

என்னது? போயிட்டா? தென்திருப்பேரை போயிட்டா? எப்போ? அய்யய்யோ, சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி. இல்ல, உங்களக் குத்தம் சொல்லல. நாந்தான் பேசிக்கிட்டே இருந்துட்டேன். இப்போ என்ன செய்ய? இனி குரும்பூர்தானா? நடுவுல நிறுத்துவாரா? முருகா, என்னைய ஏன் இப்படிப் போட்டுப் பாடாப் படுத்துத?

இருங்க. போனு. அவதான்.

ஹலோ. ஆங், சொல்லு இந்திரா. வந்துட்டேன், பக்கத்துல வந்துட்டேன். சைக்கிள்லதான். வேற எதுல வருவேன்? இல்ல, அது பக்கத்துல ஒரு பஸ்ஸு போகுது, அந்தச் சத்தம். யாரு சொன்னா? கோமதிநாயகம் அண்ணாச்சியா? அவருக்கு என்ன தெரியும், சும்மா சொல்லுதாரு. இல்ல. வலிக்கல. இல்லங்கேன்லா. கொஞ்சங்கூட இல்ல. எனக்கு என்ன வலி? வலிக்கலன்னா வலிக்கல, எத்தன தடவ கேப்ப. ஹலோ? இந்திரா?

வச்சிட்டா.

கேட்டீங்களா? எங்க கூட்டம் அதுக்குள்ள பந்தலுக்குப் போயிட்டாங்களாம். அவரு போயி எல்லாத்தையும் ஒளறியிருக்காரு, ரத்தம் அது இதுன்னு. அதான் வலிக்கா வலிக்கான்னு கேக்கா. மறைக்காமச் சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், வலிக்கான்னு. நான் புடி குடுக்கலையே. ஆமான்னு ஒரு வார்த்த சொன்னேன்னு வைங்க, எனக்கும் இப்படித்தான் வலிச்சுதுன்னு அந்தக் குதிகாலக் கொண்டாந்து முன்னால வச்சிருவா. கடைசியா என்ன சொன்னா தெரியுமா? சரிங்க, உங்களுக்கு வலிக்காதுன்னா. அவ வாயாலயே சொல்லிட்டா. கோவமாச் சொல்லல. மெதுவாத்தான் சொன்னா. நம்பிட்டா. நம்பிட்டான்னுதான நினைக்கீங்க?

திரும்பப் போட்டுப் பாக்கேன். அடிக்கி. எடுக்கல. பந்தல்ல சத்தமா இருக்கும். இன்னொரு தடவ போடுதேன். எடுக்க மாட்டேங்கா.

குரும்பூர் வந்துட்டு. அந்தா பந்தல், வாழமரம் கட்டியிருக்கு பாருங்க. எங்க ஆளுங்கதான் அம்புட்டுப் பேரும், பச்ச வேட்டி. அது ஆதிலிங்கம் மச்சான், தொப்பி போட்டவரு. கொஞ்சம் குனிங்க, எனக்குத் தெரியல. எங்க அவ? மச்சான் பக்கத்துல நாற்காலி காலியாக் கெடக்கு. உள்ள எங்கயும் தண்ணி மோக்கப் போயிருப்பாளோ? மச்சான் ஏன் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்காரு? அந்தத் தெருவுக்குள்ள யாரு போறா? அரக்குச் சேல. குதிகாலத் தரையில ஊனாம, தத்தித் தத்தி. அது அவதான். வீட்டப் பாத்துப் போறா அண்ணாச்சி. திரும்பிப் பாக்காமப் போறா.

நீங்க எறங்குங்க, சீக்கிரம் எறங்குங்க. நான் எப்படி எறங்க? பஸ்ஸுல இருந்து எறங்குனா தெரிஞ்சிருமே. இந்தப் படியில கால் வைக்கவும் முடியாது. நீங்க ஓடுங்க. அவளப் பிடிங்க. உன் வீட்டுக்காரன் பஸ்ஸுக்குள்ள நிக்கான், உக்கார முடியல, தோலெல்லாம் போச்சு, வலியில துடிக்கான்னு சொல்லுங்க. ரத்தம்னு சொல்லுங்க. வலி தாங்க முடியாம அழுதான்னு சொல்லுங்க. நீங்களாப் பாத்துச் சொன்ன மாதிரியே சொல்லுங்க அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.